ஜபருல்லா பாய் திருப்பிய விமானம்

ஒரு சாவுச் செய்தியை மூக்கால் எடுத்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறுந்த செருப்பு வாரை உடனடிப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். வார் ஒட்டவில்லை. என் வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. இடக்கை முழுக்கப் பசை. அந்த நேரம் பார்த்து மேசைமேல் போன் அதிர்ந்தது. குனிந்து மூக்கு நுனியால் திரையைத் தேய்த்தேன். சிங்கப்பூரிலிருந்து ஜபருல்லா பாயின் மகள் சபீனா.

"மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம். உம்மா தனியா இருக்காங்க, நீங்க கொஞ்சம் வீட்டுப் பக்கம் போங்க. நான் கெளம்பிட்டேன்."

ஒட்டிய விரல்களோடுதான் போனேன். மையத்து வீட்டு வாசலில் ஸலாம் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் மூக்குப்பொடி எடுப்பவனைப் போலக் கையை நீட்டினேன். துக்கம் தாங்காமல் எனக்குக் கை இழுத்துக்கொண்டுவிட்டது என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. ஜபருல்லா பாய் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதையைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பார். பசையைக் கரைக்கும் திரவம் அவர் கடையில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். கடை சாத்தியிருந்தது.

கோவில்பத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஜபருல்லா பாயை இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மீதிப் பேருக்கு ஜலதோஷமே வந்திருக்காது. குவைத்தில் சில வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிச் சொந்தமாகக் கடை போட்டவர். எதைத் தொட்டாலும் அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, 'காலை', 'மதியம்', 'இரவு' என்று எழுதிவிடும் வழக்கம் அவருக்கு உண்டு. மாத்திரை அட்டையில் எழுதினால் சரி. கடைச் சாவியில் 'இரவு' என்று இருக்கும். குடையில் 'மதியம்'. ஒருமுறை கதர்ப் பையில் 'காலை' என்று பார்த்துவிட்டு, யாருக்கு இந்த டோஸ் என்று கேட்டேன். "எனக்குத்தான். காலைல காய் வாங்க மறந்துட்டா வீட்டுல எனக்கு ஊசி" என்றார்.

நானும் அவரும் சேர்ந்து ஒரு விமானத்தைச் சரிசெய்தோம் என்பது ஊருக்குத் தெரியும். ஏன் செய்தோம் என்பது தெரியாது. ஊர்ச் சேதியெல்லாம் என் வாயில் தங்காது. தங்கிய ஒரே சேதி அதுதான். இப்போது சபீனா அனுமதி கொடுத்துவிட்டதால் சொல்கிறேன்.

வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கப் போன ஒரு மாலையில், இருமல் மருந்துப் பாட்டில்களுக்கு நடுவே ஒரு சிவப்பு இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மாத்திரையை மறந்துவிட்டேன்.

"என்னா பாய், கருடனப் புடிச்சுப் போட்டிருக்கீங்க?"

"மெதுவாப் பேசுங்க எழுத்தாளரே. ஒங்க காதுல விழுந்தா பூவம் ஊரையே தாண்டிப் போயிடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது சபீனாவோடது. சின்னப் புள்ளையில கேட்டுச்சுன்னு குவைத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தேன். கையில கருவிய வச்சிக்கிட்டு ரேடியோவுல ஓட்டுறது. பரீட்சை முடியட்டும்னு பீரோ மேல வச்சோம். அப்புறம் அடுத்த பரீட்சை. அப்புறம் கல்யாணம்."

"சரி, இப்ப என்ன?"

"போன வாரம் போன்ல கேக்குது, 'வாப்பா, அந்த ஏரோப்ளேன் இன்னும் இருக்கா'ன்னு. இருக்கும்மான்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். 'பறக்குதா'ன்னுச்சு. ஜோராப் பறக்குதுன்னுட்டேன்."

"பறந்திருக்கா?"

"பீரோவ விட்டே எறங்குனதில்ல. இப்ப லீவுக்கு வருது. வந்ததும் பறக்கவிட்டுக் காட்டணும்ங்குது."

பாய் வியாபாரத்தில் பொய் சொல்லாதவர். சொந்த மகளிடம் சொன்ன ஒரு பொய் அவரை எப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்பது முகத்தில் தெரிந்தது. நான் உதவுகிறேன் என்றேன். என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். நான் மாட்டிய சுவிட்சைப் போட்டால் அடுத்த அறையில் விளக்கெரியும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் என் கை பட்டு நின்றுபோன அச்சு இயந்திரம் இன்னும் எழுந்திருக்கவில்லை. பாய்க்கும் அந்த விமானத்தில் பெயர் தெரிந்த உறுப்பு இறக்கை ஒன்றுதான். இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து இணையத்தில் வீடியோ பார்த்து, அதில் பேசுகிறவனின் மொழி புரியாமல் கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

பெட்டியைத் திறந்தால் வால் பக்கத்தை எலி கடித்திருந்தது. இறக்கைமேல் போர்த்திய மெல்லிய சிவப்புப் பிளாஸ்டிக் தாள் தொய்ந்துபோயிருந்தது. வயிற்றுக்குள் பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், என்ஜின். மூக்கிலுள்ள விசிறியைத் திருப்பினால் அசையவே இல்லை. குவைத்துக் கடைக்காரன் ஒருமுறை ஓட்டிக் காட்டினானாம். அந்த எரிபொருளில் கலந்திருந்த எண்ணெய் உள்ளே இறுகிக் கோந்தாகிவிட்டது. என்ன எண்ணெய் என்று தேடிப் பார்த்தோம். விளக்கெண்ணெய்.

பாய் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் வந்தது. "அட, நம்ம சரக்கு. இதக் குடுத்து ஊருக்கே எளக்கி விட்டிருக்கேன். இங்க இது அடச்சிக்கிட்டு நிக்குதே."

என்ஜினைக் கழற்றிக் கண்ணாடி ஜாடியில் ஸ்பிரிட் ஊற்றி ஊறப்போட்டார். ஜாடியில் பிளாஸ்திரி, பிளாஸ்திரியில் 'இரவு'. மருந்து வாங்க வந்த ஒரு அம்மா நெடுநேரம் ஜாடியையே பார்த்துவிட்டு, "யாருக்கு எடுத்தது பாய்?" என்று கேட்டார். சில நாள் கழித்து ஒரு மாலை விசிறி தளர்ந்து சுற்றியது. பாய் அதை விரலால் சுற்றிவிட்டு, நின்றதும் மறுபடி சுற்றிவிட்டு, வந்த வாடிக்கையாளரைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இறக்கைத் தாளை இஸ்திரி போட்டால் விறைத்துக்கொள்ளும் என்று வீடியோவில் காட்டினார்கள். என் மனைவி ஜெசிந்தாவின் இஸ்திரிப் பெட்டியைக் கேட்காமல் எடுத்துப்போனேன். சூடு கூடிப்போய்த் தாள் உருகி ஓட்டை விழுந்தது. உருகியதில் பாதி பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. ஈஸ்டர் பூசைக்கு அவள் தேய்த்த சந்தன நிறப் புடவையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. நேராகக் கடைக்குப் போய்விட்டாள்.

"பாய், நீங்களாவது சொல்லக்கூடாதா இவருக்கு?"

"தங்கச்சி, நான் மிதமான சூடுன்னுதான் சொன்னேன். எழுத்தாளரு எழுதுற மாதிரியே தேய்ச்சிட்டாரு. நிறுத்தத் தெரியல." பிறகு என்னைப் பார்த்து, "எதுக்கும் ஒரு டோஸ் இருக்கு. பசைக்கு இருக்கு, சூட்டுக்கு இருக்கு, ஒங்க பேச்சுக்கும் இருக்கு" என்றார்.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்கவைத்து அனுப்பக்கூடிய ஆள் ஊரில் வேறு இல்லை.

விமானத்தின் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவு மோட்டார்கள் இருந்தன. ஒன்றிலிருந்து போகும் கம்பி வாலை மேலும் கீழும் அசைக்கும். இன்னொன்றின் கம்பி இடமும் வலமும் திருப்பும். வேலையின்போது கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் கொக்கியையும், தொலைந்துபோகாமல் இருக்க, அதனதன் பக்கத்திலேயே பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைப்பார். மேலே, எப்போது மாட்ட வேண்டும் என்கிற டோஸ். பறக்கவிடும் முன் செய்ய வேண்டிய ஒரு சடங்கையும் நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். அவர் கருவியின் குச்சியை நகர்த்தி "மேல" என்பார். நான் வாலைப் பார்த்து "ஆமென்" என்பேன். "கீழ", "எடது", "வலது" ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆமென். "ஆமீனோ ஆமெனோ, வாலு ஆடுனாச் சரி" என்பார்.

அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வரிச்சிக்குடி வயல் ஒன்றில் முதல் முயற்சி. சாலையில் பைக்குகள் நின்றன. வரப்பில் வந்த பெண்கள் இது டிரோன் என்றும், நிலத்தை அளந்து யாரோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். நான் கையால் வீசினேன். விமானம் மூக்கைத் தூக்கியது, ஒரு தும்மல் நேரம் யோசித்தது, தலைகுப்புற விழுந்தது. இறக்கை நடுவில் ஒடிந்தது.

"அளந்து முடிச்சாச்சாண்ணே?" என்று ஒரு பெண் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. ஒடிந்த இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "ஊர்ல எல்லாரும் நான் புள்ளைக்கு ஏரோப்ளேன் குடுத்தேன்னு நெனக்கிறாங்க. நான் வாங்கிட்டு வந்தேன், குடுக்கல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?"

நான் வயலில் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் கடைக்குப் போனபோது, தொண்டை பார்க்க டாக்டர்கள் நாக்கை அழுத்துவார்களே, அந்த மரக்குச்சிகளில் ஒரு கட்டு எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒடிந்த இடத்தில் மேலும் கீழும் குச்சிகளை வைத்துப் பசை போட்டுக் கட்டினோம். அந்த இறக்கை "ஆ" சொன்னால் உள்ளே வரை தெரியும் என்றேன். சிரித்தார். வேலை மறுபடி ஆரம்பித்தது.

சபீனா வந்தாள். விமானத்தைக் காட்டச் சொல்லி வந்த அன்றே கேட்டாள். மறுநாள் காலை வயலில் என்று பாய் சொல்லிவிட்டார். அன்று மாலை பார்த்தால் வாலின் கீல் ஆடுகிறது. அவசரமாகக் கழற்றிப் பசை போட்டுக் காயவைத்தார். காய்ந்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பயமா என்று கேட்டேன்.

"பறக்கிறது அதோட வேல எழுத்தாளரே. நமக்குப் பயப்படுறது மட்டுந்தான் வேல. அதயாவது ஒழுங்காச் செய்வோம்."

காலையில் வயலில் சடங்கை ஆரம்பித்தோம். "மேல." "ஆமென்." "கீழ." "ஆமென்." அதற்குள் சாலையில் கார் வந்து நின்றது. சபீனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். பாய் அவளைப் பார்த்தார். "வந்துடுச்சு. வீசுங்க, வீசுங்க" என்றார். வீசினேன்.

விமானம் போனது. இந்த முறை யோசிக்கவில்லை. நேராக, எங்களை விட்டு, பனைமர வரிசையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. பாய் குச்சியை வலப்புறம் அழுத்திப் பிடித்திருந்தார், கருவியே ஒடிந்துவிடும்போல. மரத்தில் மோதப்போகிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலதில் வளைந்து, நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பிச் சபீனா நின்ற பக்கம் வந்தது. அவள் தலைக்குமேல் போனபோது, எட்டித் தொட்டுவிடலாம் என்பதைப் போலக் கையைத் தூக்கினாள். பாய் என்ஜினை அணைத்தார். விமானம் இறங்கி, நெல் தாளடியில் சறுக்கி, மூக்கை மண்ணில் குத்தி நின்றது.

"திருப்பிட்டேன், பாத்தீங்கள்ல?" என்று என்னிடம் கேட்டார். அவள் வந்து அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் காய்ச்சலுக்கு வந்தவர், சர்க்கரைக்கு வந்தவர் எல்லோரும் மாத்திரையோடு அந்தத் திருப்பத்தையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். "பனமரத்துக்கிட்டப் போயிடுச்சு. அப்புடியே வலது குடுத்தேன்." நான் அதை இன்னும் கொஞ்சம் வளர்த்து, மரத்தின் உயரத்தையும் கூட்டிப் பல இடங்களில் பேசினேன். மறுபடி பறக்கவிடலாமா என்று கேட்டபோதெல்லாம், "ஒரு டோஸ் போதும்" என்று சொல்லிவிட்டார். விமானம் பழையபடி பீரோ மேல் ஏறியது.

பாய்க்காக ஓதுகிற பாத்திஹா எல்லாம் முடிந்த பிறகு சபீனா அதைப் பெட்டியோடு என்னிடம் கொடுத்தாள். "நீங்களே வச்சிக்குங்க மாமா. சிங்கப்பூர்ல எங்க வீட்டுல எறக்கைய நீட்ட எடமில்ல."

பொய் விஷயத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், அழுத முகத்தோடு. "ஜோராப் பறக்குதுன்னு வாப்பா சொன்னப்பவே தெரியும். அந்தப் பொய்ய எப்புடிப் பறக்க வைப்பாங்கன்னு பாக்கத்தான் லீவு போட்டு வந்தேன். எழுதணும்னா எழுதுங்க. எனக்காக ஒரு தடவ திருப்புனாங்க. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். பாயிடமிருந்து என்னிடம் தங்கியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். மரக்குச்சி வைத்துக் கட்டிய ஒரு இறக்கை. எதையாவது அதிகமாகப் பேசும்போது காதுக்குள் கேட்கிற அந்த 'டோஸ்'. பயப்பட வேண்டிய இடத்தில் ஒழுங்காகப் பயப்பட்டுவிட்டு, பிறகு கையை விட்டுவிடலாம் என்கிற தைரியம். வாங்கி வைத்திருப்பதும் கொடுப்பதும் ஒன்றல்ல என்பது. ஜெசிந்தாவுக்கு ஒரு புதுப் புடவை வாங்கி அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

பாட்டரி உள்ளேயே கிடந்தால் மறுபடி கசியும் என்று நேற்று விமானத்தின் வயிற்றைத் திறந்தேன். வாலை இடமும் வலமும் திருப்புகிற கம்பியின் கொக்கி மோட்டாரில் மாட்டப்படவே இல்லை, பறந்த அன்றும். கீலுக்குப் பசை போட்ட மாலையில் பாய் அதைக் கழற்றி ஒட்டிய இடத்திலேயே, பிளாஸ்திரிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பிளாஸ்திரிமேல் அவர் கையெழுத்தில் 'காலை' என்று எழுதியிருந்தது.