சவுரிமுத்துவின் தண்ணீர் விமானம்

துணி அலசும் சிமெண்ட் தொட்டியில் இரண்டு சிறு படகுகளை மிதக்கவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துக் கவனித்துக்கொண்டிருந்தார் சவுரிமுத்து. 1991 நவம்பரில், சேலையூரில் அவருக்குப் பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்த அன்று நான் கண்ட முதல் காட்சி அது. அழுக்குத் துணிப் பக்கெட்டோடு அவர் மனைவி பேபி காத்திருந்தார்.

"ஏரோப்ளேன் குளிச்சிகினு கீது சார். அது முடிஞ்சாதான் நம்ம துணி."

பல்லாவரம் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் அவருக்கு வேலை. உருக்கை ஊற்றுமுன் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்கும் தச்சர். காதில் செருகிய பென்சிலோடுதான் ஞாயிறு பூசைக்கும் போவார். காபி டம்ளரைக் கொடுத்தாலும் முதலில் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

கப்பலில் வேலை பார்த்த மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த எஞ்சினையும், கரையிலிருந்தே இயக்கும் ரேடியோ பெட்டியையும் வைத்து ஒரு மாதிரி விமானம் கட்டியிருந்தார். சக்கரத்தில் ஓடிக் கிளம்பியது போதும், இனி ஏரியிலிருந்து எழ வேண்டும் என்பது ஆசை. தொட்டியில் மிதந்தவை அதற்கான மிதவைகள். பிரிட்ஜ் வந்த தெர்மகோலை வெட்டி, காக்கித் தாள் ஒட்டி, வார்னிஷ் அடித்திருந்தார்.

"அடியில நடுவுல ஒரு படி வெட்டணும் சார். இல்லாங்காட்டி தண்ணி கவ்விக்கும், வுடாது."

எஞ்சின் ஒன்றுதான். மச்சானும் கப்பலை விட்டுவிட்டார். இது போனால் வேறு கிடைக்காது.

முதல் ஞாயிறு ஏரியில் விமானம் பாதி தூரம் ஓடி, இடப்பக்கம் வளைந்து, இறக்கை தண்ணீரில் குத்திக் கவிழ்ந்தது. மார்பளவு நீரில் இறங்கித் தூக்கிவந்து, எஞ்சினைக் கழற்றி எண்ணெயில் ஊறப்போட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், பி.எஸ்சி. இயற்பியல். விசிறி சுழலும் எதிர்விசைதான் இழுக்கிறது என்று படம் போட்டு விளக்கினேன்.

"டிகிரி சார் சொன்னா சர்தான்" என்று வால் தகட்டைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி வைத்தார். அடுத்த ஞாயிறும் கவிழ்ந்தது.

"இன்னொரு வாட்டி முழுகிச்சின்னா எஞ்சின் தாங்காது சார்" என்றார், என்னைப் பார்க்காமல்.

கழற்றிய மிதவைகளை மதில்மேல் காயவைத்த பேபிதான் கேட்டார்: "இன்னாய்யா, ஒண்ணு மட்டும் நெட்டையா கீது?"

"ரெண்டும் இருவத்தெட்டு இன்ச்சி. நானே அளந்தது."

சொல்லிவிட்டு உள்ளே போனவர், வீட்டு டேப்பையும் பட்டறை ஸ்கேலையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உருக்கு ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடாகப் பட்டறை ஸ்கேலில் ஒவ்வோர் அங்குலமும் இம்மி பெரிதாகவே கீறியிருக்கும். வலது மிதவையை வீட்டு டேப்பாலும், இடது மிதவையைப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஸ்கேலாலும் அளந்திருக்கிறார். இடது மிதவை அரை அங்குலம் அதிகம். அடியில் வெட்டிய படிகளும் நேருக்கு நேர் இல்லை; தண்ணீர் இடப்பக்கத்தை விடாமல் கவ்வியிருக்கிறது.

"இருவது வருசமா அதுலயே அளந்து, கைக்கு அதான் இன்ச்சின்னு ஆயிட்ச்சி சார்."

"தெர்மகோலு ஆறிச் சுருங்கும்னு பாத்தியா?" என்றார் பேபி.

இடது மிதவையை டேப்பால் அளந்து புதிதாகச் செய்தார்; வால் தகட்டையும் பழையபடி நேராக்கினார். அந்த ஞாயிறு விமானம் நேராக ஓடி, தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது.

மூன்று வருடம் ஆகிறது. அதே பட்டறை, அதே போர்ஷன், அதே எஞ்சின். ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஞாயிறு தவறாமல் பறக்கவிடுகிறார். விமானம் இறங்கி ஓடிவரும்போது கரையில் நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். சவுரிமுத்து குத்துக்காலிட்டு, தாடை தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்து, மிதவைகளுக்குப் பின்னால் நீளும் இரண்டு கோடுகளையும் ஒற்றைக் கண்ணால் ஒத்துப் பார்க்கிறார்.