கரிசல் காட்டில் வாள் சண்டை

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், அம்மாவின் தங்கையான சித்தி விளாத்திகுளத்திலிருந்து ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். சித்தியின் மணிக்கட்டில் கன்றிப்போன தடம் ஒன்று இருந்தது. கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. என் கண்ணெல்லாம் அவள் கையிலிருந்த புது போன் மேல்தான். அப்பாவின் போனில் படம் எடுத்தால் ஆட்டுக்குட்டியும் அம்மிக்கல்லும் ஒன்றுபோலத் தெரியும்.

அந்த வருஷம்தான் பள்ளித்தோழி ஒருத்தி, பொம்மைகளை நடமாட வைக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். மயிரிழை நகர்த்தி மறுபடி ஒன்று. இப்படியே எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் ஒரு ஆப்பில் போட்டு ஓடவிட்டால் பொம்மை தானாக நடக்கும். நடையோடு திருப்திப்படுகிற ஆள் இல்லை நான். எனக்கு வாள் சண்டை வேண்டும்.

என்னிடம் வீரர்கள் இருவர் இருந்தார்கள். பெரியவன் திருவிழாக் கடையில் குதிரையோடு வாங்கியவன். குதிரை தொலைந்து வெகுநாளாகியும் கால்களை அகட்டியபடியேதான் நிற்பான். சின்னவன் தின்பண்டப் பொட்டலத்துக்குள் இலவசமாகக் கிடைத்தவன். என் சுண்டுவிரல் உயரம். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனதால் மருந்து முக்காத வெறுங்குச்சிகளுக்குப் பஞ்சமில்லை. மிட்டாய் சுற்றி வந்த வெள்ளித்தாளைச் சுற்றியதும் அவை வாள்களாகிவிட்டன.

போர்க்களம் எங்கள் காடு. பருத்தி எடுத்து முடித்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வெடிப்பும் ஒரு பள்ளத்தாக்கு. உதிர்ந்து கிடந்த பஞ்செல்லாம் தரைக்கு இறங்கிவிட்ட மேகம். சொம்புத் தண்ணீரில் குழைத்த கரிசல் மண், வீரர்களின் பாதங்களை விடாமல் பிடித்துக்கொண்டது.

சித்தி சேலை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் குப்புறப் படுத்துப் பொம்மைகளை நகர்த்துவாள். இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்திய போனைத் தொட்டு நான் படம் எடுப்பேன்.

“மூச்சு விடாதட்டி,” என்பாள்.

இருவரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். ஓடைக்கரை உடைமரங்களும், மேலே வட்டமிடும் பருந்தும் எங்களோடு சேர்ந்து மூச்சை அடக்கியதுபோல் இருக்கும். சின்னவன் பாய்ந்து வெட்டுவதற்கு அவனை அந்தரத்தில் தொங்கவிட வேண்டியிருந்தது. நூல் படத்தில் தெரிந்தது. சித்தி தன் தலையிலிருந்து நீளமாக ஒரு முடியைப் பிடுங்கி அவன் இடுப்பில் கட்டினாள். கறுப்பு மண்ணுக்கு முன்னால் கறுப்பு முடி மறைந்தேபோனது.

ஒரு காலை முழுக்க எடுத்ததை ஓட்டினால் ஒரு கொட்டாவி நேரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் அந்தக் கொட்டாவி நேரத்துக்குள் வாள்கள் மோதின. வீரர்களின் நிழல்கள் காலடியில் சுழன்று சுருங்கின. எங்கிருந்தோ ஓர் எறும்பு தோன்றி மறைந்தது. காற்றே அடிக்காத காலையில் பஞ்சு தவழ்ந்து போயிற்று. எங்கள் காடுதான், ஆனால் நாங்கள் இல்லாதபோது அது தனக்குள் கண்டுகொண்டிருந்த கனவுபோல் இருந்தது.

இடையிடையே போன் அடிக்கும். அடிக்கும்போதே அதிர்ந்து நகர்ந்துவிடுவதால் வைத்த கோணம் கெட்டுப்போகும்.

“யாரு சித்தி?”

“யாருமில்ல. நீ எடு.”

அந்த யாருமில்லாத ஆள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

என் கதைப்படி பெரியவன் சின்னவனை வெட்டிச் சாய்க்க வேண்டும். சாய்த்தான். விழுவதற்கு நாலைந்து படமே போதுமாயிருந்தது. முடிந்தது என்று நான் எழுந்து கையைத் தட்டும்போது சித்தி, “இவன் எந்திரிக்கட்டும்ட்டி,” என்றாள்.

“செத்தவன் எப்படி சித்தி எந்திரிப்பான்?”

“செத்தான்னு யாரு சொன்னா? விழுந்துதான கெடக்கான்.”

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போன் அவளுடையது.

முட்டி மடங்காத பொம்மையை எழுப்புவது லேசான காரியமில்லை. முதுகுக்கு அடியில் மண்ணை வைத்து, ஒரு படம்; இன்னும் கொஞ்சம் மண்ணை வைத்து, இன்னொரு படம். மறுநாள் காலை அவன் பாதி எழுந்த நிலையில் இருந்தபோது சித்தப்பா பைக்கில் வந்து இறங்கினார். அப்பாதான் வரச் சொல்லியிருந்தார். சமாதானமாய் அனுப்பிவைப்பதே முறை என்பது அப்பாவின் கட்சி. அம்மா இருவருக்கும் பின்னால் காட்டுக்கு நடந்து வந்தாள்.

“போன் அடிச்சா எடுக்க மாட்டியோ? இங்கன மண்ணுல படுத்து என்ன செய்யுத?” என்றார் சித்தப்பா.

சித்தி திரும்பவில்லை. “கொஞ்சம் இருங்க. இவன் எந்திரிச்சிரட்டும்.”

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

“சித்தப்பா, ஒங்க நிழல் விழுது. அங்கன தள்ளி நில்லுங்க,” என்றேன்.

என்ன நினைத்தாரோ, தள்ளி நின்றார். சுள்ளென்ற வெயிலில், சுண்டுவிரல் உயரப் பிளாஸ்டிக் பையன் ஒருவன் எழுந்து நிற்பதற்காக மூன்று பெரிய மனிதர்கள் காத்திருந்தார்கள். சித்தி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் அவன் நின்றான். வாளை உயர்த்தினான்.

சித்தி படத்தை ஓட்டினாள். நானும் அம்மாவும் குனிந்து பார்த்தோம். சண்டை நடந்தது, சின்னவன் விழுந்தான், பாதி எழுந்தான். களத்தின் மேல் திடீரென்று ஓர் இருட்டு வந்து கவிந்து, விலகிப் போயிற்று. அவன் மெல்ல மெல்ல முழுதாய் எழுந்தான்.

“ஆத்தாடி, எந்திரிச்சிட்டான்லா!” என்றாள் அம்மா.

சித்தியும் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “நான் வரல,” என்றாள்.

“என்னத்த வரல?”

“இனிமே அங்கன வரல. என் கையப் பிடிச்சு முறுக்குன ஆளோட வரமாட்டேன்.”

“யோசிச்சுப் பேசு, தாயி,” என்றார் அப்பா.

“அதெல்லாம் யோசிச்சாச்சு,” என்றாள் அம்மா. “அவ இங்கனயே இருக்கட்டும்.”

அப்பாவின் பேச்சை அம்மா மறித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சித்தப்பா கையை நீட்டினார். “அப்பம் அந்தப் போனக் குடு. நான் வாங்கிக் குடுத்தது.”

சித்தி ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. முந்தானையால் தூசியைத் துடைத்து அவர் கையில் வைத்தாள். பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. எங்கள் போர்க்களமும் வீரர்களும் அவர் சட்டைப் பையில் ஏறி விளாத்திகுளம் போனார்கள்.

நான் தரையில் புரண்டு அழுதேன். “அப்பா போன்ல ஏத்திட்டுக் குடுத்திருக்கலாம்லா சித்தி!”

“போனாப் போவுதுட்டி,” என்று என்னைத் தூக்கி நிறுத்தினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

வந்த நாளிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தவள், அன்றைக்குக் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். விளக்கு வைப்பதற்குள் முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு தூங்கியும்போனாள். அவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் கைவிட்டுப் போன அன்றைக்கே ஒரு மனுஷிக்கு எப்படித் தூக்கம் வரும்? கட்டில் காலருகே உட்கார்ந்து வேண்டுமென்றே சத்தமாகத் தேம்பினேன்.

அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். “சத்தங் காட்டாத. அவ தூங்கட்டும்,” என்றாள். சொல்லும்போதே அம்மாவின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

படம் போனதற்காக அழ அம்மாவாவது இருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.