டயர் கடைக்காரருக்கு வசதியாக இருந்த லைன்

பேச்சு டீச்சருக்கு வாய்தான் மூலதனம். திக்குகிறவர்கள், குழறுகிறவர்கள், 'ர'வை 'ல' என்று சொல்லும் வாண்டுகள், எல்லாருக்கும் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பயிற்சி கொடுப்பாள். உதட்டை இப்படிக் குவி, நாக்கை அப்படி மடி என்று அவள் செய்து காட்டுவது அந்தப் பக்கம் தெரிந்தால்தான் பாடம். அவள் வீட்டு இன்டர்நெட்டுக்கோ அவள் வாயைக் கண்டாலே ஆகாது. அவள் நாக்கை நீட்டும் நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிடும். "டீச்சர் பழிப்புக் காட்டுறாங்கன்னு எம்பொண்ணு அழுவுறா" என்று ஒரு அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை.

இப்படியே ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர் டயர் கடைக்காரர் ஒருத்தர்தான். ஐம்பதைத் தாண்டிய ஆஜானுபாகு. லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டுவார், ஆனால் கடைப் போனை எடுத்து "டயர் கடை" என்று சொல்ல வராது. அந்த 'ட'விலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். எதிர்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்றுவிட்டு வைத்துவிடுவார்கள். அதனால் இத்தனை வருஷமும் போனை எடுப்பது அவர் மனைவி. ஒரே ஒரு தடவையாவது தானே எடுத்துப் பேச வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. மற்ற இடங்களில் எப்படியோ, டீச்சரிடம் மட்டும் மனுஷர் அமர்க்களமாகத் தேறிக்கொண்டு வந்தார். அதில் டீச்சருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. இவரும் போய்விட்டால் அப்புறம் யாரிடம் நாக்கை மடிப்பது? வேகமான லைனுக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மாறுவது சரி, யாரிடம்? தெருவில் மூன்று கம்பெனி. மஞ்சள் விளம்பரம், நீல விளம்பரம், பச்சை விளம்பரம். டீச்சரின் கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். மூன்று விளம்பரத்தையும் சுவரில் ஒட்டி, "இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா? இப்போ? சரி, இப்போ?" என்று ஆரம்பித்துவிட்டார். "நீங்க கண்ணைப் பாருங்க, போதும்" என்று அவரை அனுப்பிவைத்தாள்.

நாத்தனார் வீட்டுக்காரர் போன் செய்தார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. "கண்ணை மூடிக்கிட்டு நீலத்தைப் போடும்மா. நம்ம வீட்ல அதான், சும்மா பறக்குது" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வீட்டு இன்டர்நெட்டில் பேசிய அந்தப் போன் கட்டாகி, திரும்ப வந்து, திரும்பக் கட்டானது.

மேல் வீட்டுக்காரரைக் கேட்டாள். "பச்சையா? ஐயையோ, அந்தப் பக்கமே போயிடாதீங்க. நாங்க பட்டதே போதும்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. ஆனால் குழாய்க் கசிவைச் சொல்ல மேலே போனபோது அவர் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அதன் மேல் துண்டு. துண்டுக்கு அடியிலிருந்து பச்சை எழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். அவர் மனைவிதான் வாசல்வரை வந்து குசுகுசுத்தாள்: "தப்பா நெனைக்காதீங்க. ஆள் சேந்தா வேகம் கொறைஞ்சிடும்னு இவருக்கு பயம். கேக்கறவங்க எல்லாருக்கும் இதையேதான் சொல்றாரு."

சரி, ஆளாளுக்கு நாட்டாமை பண்ணியது போதும் என்று டீச்சரே கம்பெனிகளுக்குப் போன் போட்டாள். மழை பெய்தால் லைன் நிற்குமா என்ற ஒரே கேள்வி. மஞ்சள் கம்பெனிப் பையன் மூச்சே விடாமல் பேசினான். அவனுக்கே பயிற்சி கொடுக்கலாம் போலிருந்தது. நீலம், கேள்வி முடியும் முன்பே "நிக்கவே நிக்காது மேடம்" என்றது. பச்சைக் கம்பெனிப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "சில சமயம் நிக்கும் மேடம். சொன்னீங்கன்னா அன்னிக்கே ஆள் வருவாங்க" என்றாள். மனுஷர்கள் எங்கே எதற்குத் தயங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது டீச்சருடையது. பச்சையைப் போடச் சொல்லிவிட்டாள்.

போட்டார்கள். பளிங்கு மாதிரி படம். பக்கத்து அறையிலிருந்து பேசிப் பார்த்த கணவர், "உன் கடவாய்ப் பல்லுகூட தெரியுது. ஒண்ணு சொத்தை" என்றார். டீச்சர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு டயர் கடைக்காரர் வந்தார். கடையின் பின்னறையில், பின்னால் டயர்கள் கூரைவரை அடுக்கியிருக்க, வழக்கம்போல உட்கார்ந்தார். டீச்சரின் முகம் தெளிவாகத் தெரிந்ததுமே அவர் முகம் விழுந்துவிட்டது. "புது லைன் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். கற்றுக்கொண்டது எல்லாம் எங்கே போனது என்று அவளுக்குப் பகீரென்றது.

கடைசியில் விட்டு விட்டுச் சொன்னார். "பழைய லைனையே போடுங்க டீச்சர்."

"ஏங்க? அதுதான் நின்னு நின்னு போகுமே."

"அதான் டீச்சர். நான் திக்கினா, லைன்தான் நிக்குதுன்னு நீங்க நெனச்சுக்குவீங்க. கொஞ்ச நாள்ல நானும் அப்படியே நெனச்சுக்கிட்டேன். பயமில்லாம பேசினேன். இப்ப எல்லாம் தெரியுதே."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது. தன் திறமையால் தேறுகிறார் என்று அவள் மார்தட்டிக்கொண்டிருக்க, பாடம் நடத்தியதெல்லாம் அந்த ஓட்டை இன்டர்நெட்! என்ன சொல்வதென்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடைப் போன் அடித்தது. அவர் மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் போனைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

மூச்சை இழு, உதட்டைத் தளர்த்து என்று சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. "எடுங்க. வர்றது வரட்டும்" என்றாள்.

எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். 'ட' வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. புது லைனில் டீச்சருக்கு அந்தப் பக்கத்து ஆளின் குரல்கூடத் துல்லியமாகக் கேட்டது. "ஹலோ? ஹலோ? லைன் சரியில்லபோல, வெச்சிடறேன்."

"வெக்காதீங்க" என்றார் டயர் கடைக்காரர். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து வந்து வைத்தார். "லைன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் திக்கும். கொஞ்சம் இருங்க."

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா சொல்லுங்கண்ணே" என்றது குரல். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, டயர் பஞ்சராகி நடுரோட்லதான் நிக்கிறேன்."