பச்சோந்தியின் பேறுகாலம்

முப்பத்தொரு வருஷம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள் இருதயம்மாள். மயிலாடுதுறைக்குத் தெற்கே ஒன்பது ஊர்களில் அவள் கைபடாமல் பிறந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவளை அறுபத்திரண்டாவது வயசில் ஒரு பச்சோந்தி திக்குமுக்காட வைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் அவர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்திருப்பாள்.

புரட்டாசியில் வாய்க்கால் கரையை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்தார்கள். பிடுங்கிப் போட்ட வேலிப் புதருக்குள் பின்னங்கால் நசுங்கிக் கிடந்தது அது. துண்டில் சுருட்டி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் ஃபஹ்மிதா மருந்து போட்டுவிட்டு, “இதெல்லாம் வளர்க்கக் கூடாதுங்க நர்ஸம்மா. ஃபாரஸ்ட்டுக்கு நான் சொல்லிடறேன். கால் ஆறுற வரைக்கும் வச்சிருந்து, எடுத்த இடத்துலயே விட்டுடுங்க” என்றாள். இருதயம்மாள் பின்னறையில் கொசுவலை கட்டி, தொட்டியோடு ஒரு செம்பருத்திச் செடியை உள்ளே வைத்தாள். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருபவர் என்று அந்தோணியார் பெயரையே அதற்கு வைத்தாள். யார் தொலைத்தது என்று பக்கத்து வீட்டு ராசம்மாள் கேட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் அந்தோணியின் போக்கு மாறியது. வெட்டுக்கிளியைக் காட்டினால் ஒரு கண்ணால் அதைப் பார்த்தது, இன்னொரு கண்ணால் கதவைப் பார்த்தது, வாயைத் திறக்கவே இல்லை. செடியிலிருந்து இறங்கி வலை ஓரமாக நடந்துகொண்டே இருந்தது. உடம்பு கறுத்து, மேலெல்லாம் மஞ்சள் பொட்டு. இருதயம்மாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மருந்தடித்த வயலிலிருந்து வந்த வெட்டுக்கிளியோ? மலச்சிக்கலோ? ஒரு ஸ்பூன் ஓமத் தண்ணீர் கொடுத்தால் என்ன என்று கூட யோசித்தாள், நல்லவேளை, கொடுக்கவில்லை.

கடைசியில் பழக்க தோஷத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கடியில் பச்சைப் பட்டாணி மாதிரி வரிசையாக உருண்டது.

“ராசம்மா! அந்தோணி முழுகாம இருக்கு!”

ராசம்மாள் களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “ஆம்பளைன்னு சொன்னீங்க?”

“நான் எங்க சொன்னேன்? பேருதான் வச்சேன்.”

ஃபஹ்மிதாவுக்குப் போன் போட்டாள். முட்டையை மண்ணுக்குள்தான் இடும், ஈர மணல் ஆழமாக வேண்டும் என்றாள் டாக்டர். வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு இரண்டு கூடை ஆற்று மணல் வாங்கி, நீல டிரம்மைப் பாதியாக அறுத்து நிரப்பி வலைக்குள் வைத்தார்கள். அதன் பிறகு இரண்டு பேரும் செய்ததுதான் வேடிக்கை. பிள்ளைத்தாச்சியைத் தனியாக விடலாமா? விடவில்லை. காலையில் இருதயம்மாள், மத்தியானம் ராசம்மாள், சாயங்காலம் மறுபடி இருதயம்மாள் என்று முறை வைத்துக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். ராசம்மாள் வேப்பிலை செருகினாள். இருதயம்மாள் வேளாங்கண்ணி எண்ணெய்க் குப்பியை ஜன்னலில் வைத்தாள். அந்தோணி மணலில் இறங்கும், நாலு பிடி தோண்டும், தலையைத் தூக்கி இவர்களைப் பார்க்கும், செடியில் ஏறிவிடும்.

மூன்றாம் நாள் அதன் கண்கள் உள்ளே போயிருந்தன. இருதயம்மாள் டாக்டருக்கு மறுபடி போன் போட்டாள்.

“நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள போடலைன்னா தஞ்சாவூருக்குத்தான் கொண்டு போகணும். அறுத்துத்தான் எடுக்கணும், பொழைக்கறது கஷ்டம்” என்ற ஃபஹ்மிதா, சற்று யோசித்து, “பக்கத்துல யாரும் இல்லையே?” என்றாள்.

“அதெப்படிங்க? ஆள் மாத்தி ஆள் இருந்துகிட்டேதான் இருக்கோம்.”

“அதான் நர்ஸம்மா தப்பு. யாராவது பாத்துகிட்டிருந்தா அது போடாது. கதவைச் சாத்திட்டு வெளியில போயிடுங்க.”

போனை வைத்த பிறகும் இருதயம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். வலி வந்தவளை விட்டு ஒரு எட்டு நகரக் கூடாது என்பது அவள் சர்வீஸில் வைத்திருந்த ஒரே சட்டம். அதற்குக் காரணம் விஜயலட்சுமி. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பிள்ளை பிறந்த கையோடு அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. வண்டிக்குப் போன் செய்ய இருதயம்மாள் கடைத்தெருவுக்கு ஓடினாள். பத்து நிமிஷம்தான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விஜயலட்சுமி ராசம்மாளின் தங்கை. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை.

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்றாள் ராசம்மாள்.

“விட்டுட்டுப் போகணுமாம்.”

ராசம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். “அப்ப விடிஞ்சதும் வாங்க, களை எடுக்கப் போவோம்.”

மறுநாள் காலையில் அவள்தான் கதவைச் சாத்தி, நர்ஸம்மாவைக் கையைப் பிடித்து வயலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சம்பாப் பயிர் முழங்கால் உயரம். களை எது, நெல் எது என்று இருதயம்மாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று கண்ணில் பட்டிருக்காது. பத்து மணிக்குள் ஒரு பிடி நல்ல பயிரைப் பிடுங்கிவிட்டாள். “நர்ஸம்மா, நீங்க வரப்புல உட்காருங்க, பயிர் பொழைச்சுப் போவட்டும்” என்று ராசம்மாள் அவளை மேலேற்றினாள். உட்கார்ந்தவள் ஜெபமாலையை எடுத்தாள். எத்தனை மணி உருட்டினோம் என்பதே மறந்து, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். மூன்று தடவை எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள். மூன்று தடவையும் ராசம்மாள் சத்தம் போட்டுத் திரும்ப அழைத்தாள்.

நாலு மணிக்கு மேல் கதவைத் திறந்தார்கள். டிரம்மில் மணல் கொட்டி வைத்த அன்றிருந்த மாதிரியே சமமாகக் கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் இருதயம்மாள் நினைத்தாள். பிறகு செடியைப் பார்த்தாள். அந்தோணி கிளையில் இருந்தது. வயிறு ஒட்டி, இடுப்பெலும்பு தெரிந்தது. மூக்கு நுனியிலும் விரல் இடுக்கிலும் ஈர மணல். தோண்டி, இட்டு, மூடி, மேலே மட்டப்படுத்தியும் விட்டிருக்கிறது. இலையில் தண்ணீரைச் சொட்டவிட்டதும் ஆசை ஆசையாகக் குடித்தது.

“எத்தனை போட்டிருக்கும்?”

“தெரியல.”

“எப்பப் போட்டிருக்கும்?”

“தெரியலடி. நான்தான் இல்லியே.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா, தன்னை யாரும் தேடவில்லை என்ற வருத்தமா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ராசம்மாள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். மணலைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அன்னிக்கு நீங்க பக்கத்துலயே இருந்திருந்தாலும் எங்க விஜயா போயிருப்பா நர்ஸம்மா. நான் அவ தலைமாட்டுலதான் இருந்தேன்.”

இருதயம்மாள் முந்தானையை இறக்கி அவளைப் பார்த்தாள். உண்மையைச் சொல்கிறாளா, ஆறுதலுக்குச் சொல்கிறாளா? முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ராசம்மாளின் சேற்றுக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.