நீலப் பெட்டியில் இல்லாத கேசட்

எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குக் கடல்மேல் பாலம் திறந்ததற்கு அடுத்த வருடத் தைப்பூசம் அது. எல்லோரும் பாலத்தில் ஒருமுறை போய்வந்து அதையே பேசிக்கொண்டிருந்த காலம். வேலைக்குப் போக நான் மட்டும் ஃபெரியை விடவில்லை. ஜெலுத்தோங்கில் பஸ் ஏறி, ஃபெரியில் அக்கரை போய், அங்கிருந்து மாக் மண்டினுக்கு இன்னொரு பஸ். ஃபெரியில் மோட்டார் சைக்கிள்காரர்களோடு நின்றால் நல்ல காற்று வரும். அது கிடக்கட்டும். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இந்த விஷயம் அவளுக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

நான் வேலை செய்தது ரப்பர் கையுறை செய்யும் கம்பெனியில். பீங்கானால் செய்த கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கி வரும். ரப்பர் பாலில் முங்கும். அடுப்புக்குள் போய்க் காய்ந்து வெளியே வரும். பல வருடம் அந்தப் பீங்கான் கைகளை மருந்துத் தண்ணீரில் கழுவுவதுதான் என் வேலை. என் சொந்தக் கை எப்போதும் தோல் உரிந்தே இருக்கும். சாப்பாட்டில் உப்புப் பட்டால் எரியும்.

அடுப்புச் சூட்டையும் சங்கிலி வேகத்தையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. டிவி மாதிரி எதுவும் இல்லை. ஒரே ஒரு பச்சைப் பலகை, எழுதுகிற நோட்டு அளவு. அதில் சில பொத்தான்கள், சிவப்பாக எரியும் எண்கள். கரண்ட் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் அதற்குள் இருப்பதை ஒரு ரெக்கார்டரை மாட்டிக் கேசட்டில் பிடித்து வைத்து, கரண்ட் வந்ததும் திருப்பி ஏற்றவேண்டும். பாட்டுக் கேட்கிற அதே கேசட்தான்.

இதையெல்லாம் செய்தது ஒரு பெண். யாழ்ப்பாணக் குடும்பம், அப்பா டவுனில் கிளார்க்காக இருந்தவர். வயது இருபத்து நான்கு இருக்கும். நாங்கள் மிஸ் என்போம். கையுறை அளவுக்கு ஒன்றாக ஏழு புரோகிராம் அவரே எழுதி, ஒவ்வொரு எண்ணாக அழுத்தி ஏற்றினார். தவுக்கே, அதாவது முதலாளி, அவரை ஆறு மாதம் பார்க்கிறேன் என்றுதான் எடுத்திருந்தார். பலகை சரியாக ஓடினால் வேலை நிரந்தரம். தைப்பூசம் வந்தபோது இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி.

ஏசி ரூமில் இருந்த பலகையைப் பார்த்துக்கொள்ள அவர் என்னைக் கேட்டார். வேறு யாரையும் இல்லை, கை கழுவுகிற என்னை.

"அண்ணே, இது ரெண்டு கேசட். ஒரு சனிக்கிழமை சிவப்பு, அடுத்த சனிக்கிழமை நீலம். ஒண்டு கெட்டாலும் மற்றது இருக்கும். பிடிச்சு முடிஞ்சதும் நோட்டில ஒரு சரி அடையாளம் போடுங்கோ."

எந்தப் புரோகிராம் எந்த நாளில் ஏறியது, எது மாறியது என்று அந்த நோட்டில் அவர் எழுதியிருப்பார். எனக்கு வாசிக்கத் தெரியாது. சிவப்பும் நீலமும் தெரியும், சரி போடத் தெரியும்.

கேன்டீனில் என்னைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"என்னண்ணே, பலகைக்குப் பூசை போட்டாச்சா?"

"பேரு எழுதத் தெரியாத ஆளு ஏசி ரூம்ல உக்காந்திருக்கு லா."

"ஒனக்கு வயித்தெரிச்சல் லா," என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்ப்பேன். தோல் வளர்ந்திருந்தது.

அந்த வருடம் என் தம்பி முதன்முதலாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தான். உறுமி மேளத்தைப் பிடித்து வைக்க ஆசைப்பட்டேன். பக்கத்து வீட்டில் ரெக்கார்டர் இரவல் கிடைத்தது. கேசட் இல்லை. சனிக்கிழமை பலகையில் இருந்ததை நீலத்தில் பிடித்து, நோட்டில் சரி போட்டேன். அப்புறம் யோசித்தேன்: பலகைக்கு ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் வேண்டும், மறுபக்கம் சும்மாதானே கிடக்கிறது. கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலிப் பெட்டியை மூடி, இருந்த இடத்தில் வைத்தேன்.

மறுபக்கத்தில்தான் பிடித்தேன். சத்தியமாக மறுபக்கத்தில்தான்.

பூசத்துக்குக் கம்பெனியை இரண்டு நாள் மூடி மெயின் சுவிட்சையும் அணைத்திருந்தார்கள். திறந்த அன்று நான் கேசட்டைக் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு வந்திருந்த தம்பி வீட்டு ஆட்கள் உறுமியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்புத்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். சிவப்பை மிஸ் போட்டார். பலகையின் ரெக்கார்டர் அதைத் தின்றது. நாடா கொத்தாக வெளியே வந்து அறுந்தது.

"பரவாயில்ல, நீலம் இருக்குத்தானே," என்று பெட்டியைத் திறந்தார்.

"அண்ணே, நீலக் கேசட் எங்க?"

வீட்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பஸ், ஒரு ஃபெரி, இன்னொரு பஸ். மத்தியானத்துக்குள் கொண்டுவந்திருப்பேன். ஆனால் சொன்னால் நான் மறுபடியும் கை கழுவப் போகவேண்டும். கேன்டீன் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"நீங்கதானே மிஸ், தவுக்கேகிட்ட காட்டணும்னு மேல கொண்டு போனீங்க?"

முந்தின வாரம் அவர் அதை மேலே கொண்டுபோய்க் காட்டியது உண்மை. திருப்பிக் கொண்டுவந்ததும் உண்மை. அவர் நோட்டைப் பார்த்தார். சனிக்கிழமைக்கு நேராக என் சரி இருந்தது.

"பிறகும் ஒருக்கா கொண்டு போனனோ? எனக்கு நினைவில்லையே அண்ணே. நான்தான் எங்கயோ வச்சிட்டன் போல."

இரண்டு நாள் அவர் உட்கார்ந்து எண்களை அழுத்தினார். ஏழு புரோகிராமின் பெயரையும் நோட்டு காட்டியது; உள்ளே இருந்த எண்கள் அதில் இல்லை. அவர் பழைய காகிதங்களில் தேடித் தேடி மூன்றைத்தான் மீட்டார். நான் தேத்தண்ணி வாங்கிவந்து கொடுத்தேன். "தேங்க்ஸ் அண்ணே" என்றார். அவர் விரல் நுனி சிவந்திருந்தது. இரண்டு ராத்திரியும் நான் வீட்டுக்குப் போனேன். கேசட் மேசைமேல்தான் இருந்தது. இரண்டு காலையும் வெறுங்கையோடு வந்தேன்.

மூன்றாம் நாள் தவுக்கே பலகைக்குப் பதிலாகப் பழைய டைமர்களை மாட்டச் சொல்லிவிட்டார். மிஸ்ஸை, வைத்த பொருளை வைத்த இடம் தெரியாத ஆள் என்று மலாயில் எல்லோர் முன்னாலும் சொன்னார். மாதக் கடைசியில் மிஸ் மேசையைக் காலி செய்தார்.

"உங்கட நோட்டு ஒழுங்கா இருந்தது. உங்களில பிழையில்ல எண்டு தவுக்கேக்கு சொல்லியிருக்கிறன்," என்றார் போகும்போது.

அதனால் நான் கை கழுவப் போகவில்லை. டைமர்களைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்றேன்.

கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் உறுமி. மறுபக்கம் கீ என்று ஒரு கத்தல்; அதுதான் அவருடைய ஏழும். அந்தப் பக்கத்தை ஒரே ஒருமுறை போட்டுக் கேட்டேன்.

அவர் ஆஸ்திரேலியா போனதாக ஒருத்தர் சொன்னார், கோலாலம்பூர் என்று இன்னொருத்தர் சொன்னார். எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது, மாக் மண்டின் கையுறைக் கம்பெனியில் பச்சைப் பலகையைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்துப் பெண்ணைத் தெரிந்தால், இதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கேசட்டைத் தொலைக்கவில்லை. அது ஜெலுத்தோங்கில், என் வீட்டு மேசைமேல் இருந்தது. என்னை மன்னிக்கச் சொல்லவேண்டாம். தொலைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள்.