அப்பா போடாத கையெழுத்து

அப்பாவின் பதினாறாம் நாளில் இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவரைச் 'சின்னவர்' என்றே அழைத்திருப்பீர்கள். பெரியவர் எங்கள் பெரியப்பா. முதலமடை மாந்தோப்புக் குடும்பத்தில் பிறந்த இருவரும், தாத்தா தொடங்கிய சிறு வங்கியை நடத்தினார்கள். பெரியப்பா தலைமை அலுவலகத்தில்; அப்பா மலைமேல், சாந்தன்பாறைக் கிளையில். மலைக்குளிரில் மூச்சிரைப்பு வாட்டினாலும், மழையில் நனைந்து வரும் ஏலத்தோட்டத்தாருக்குச் சூடாகக் காப்பி வாங்கிக் கொடுத்த பிறகே கணக்கைத் திறப்பார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் நீட்டும் காகிதத்தைத் தம்பி படிக்காமல் கையெழுத்திட வேண்டும். படித்தால் அண்ணனைச் சந்தேகித்ததாக அர்த்தம்.

"இதுக்காங்க காலேஜுக்குப் போனீங்க?" என்று அம்மா கேலி செய்வார்.

எழுபதுகள் பிறந்தபோது, எங்கள் வங்கியை ஒரு பெரிய வங்கியோடு இணைக்கப் பெரியப்பா முடிவு செய்தார். சிறு வங்கிகள் தாக்குப்பிடிக்க முடியாத காலம். அதில் அவர்மேல் பிழையில்லை. வழக்கம்போல் காகிதத்தை நீட்டினார். அப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடறனுங்கண்ணா."

"ஏன்டா, என்ற மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்குதுங்க. அந்தப் பேங்க்காரங்க மேலதான் இல்லீங்க."

படித்தார். சாந்தன்பாறைக் கிளையின் ஆறு ஊழியர்களுக்கும் புதிய வங்கியில் வேலை இல்லை என்றிருந்தது. அப்பா பேனாவை மூடிவிட்டார்.

அன்றே இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகைகூட வரவில்லை. அம்மா அழுதார். அப்பா அசையவில்லை. கடைசியில், புதிய வங்கியில் தமக்கென்று ஒதுக்கிய மேலாளர் பதவியை விட்டுக்கொடுத்து, அந்த ஆறு பேருக்கும் வேலை வாங்கித் தந்தார். பிறகுதான் கையெழுத்திட்டார். அத்தோடு மாந்தோப்புக்கே திரும்பிவிட்டார்.

அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. கோபத்தை மனசில் வைத்துக்கொண்டு திரிந்தது நான்தான். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, பெரியப்பா வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பார்த்தும் பாராததுபோல் அவரைத் தாண்டித் தாண்டிப் போனேன். அன்று மாலை அப்பா என்னைச் சைகையால் கூப்பிட்டார்.

"வெளிய அண்ணன் இருமறது கேக்குது. சாப்டாங்களான்னு கேளு, கண்ணு."

அப்பா என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். போய்க் கேட்டேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்க்கும் செவிலியர்க்கும், மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து தோள் கொடுத்த அந்த ஆறு பேருக்கும், துக்கத்தில் துணைநின்ற உற்றார் உறவினர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியப்பா, உங்களுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.