பதினாறாம் வாய்ப்பாடும் கூழ்வத்தலும்

கோடை விடுமுறை விட்டால் பிள்ளைகளின் மூளை வெயிலில் உருகிவிடும் என்பது என் அப்பாவின் திடமான நம்பிக்கை. சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் அவர் குமாஸ்தா. அங்கே அவர் பேச்சை யார் கேட்டார்களோ தெரியாது. வீட்டில் நானும் தம்பியும் கேட்டுத்தான் ஆகவேண்டும். வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரில் கொடி மாறியதே தவிர எங்கள் வீட்டில் ஆட்சி மாறவில்லை. பள்ளிக்கூடம் மூடிய அன்றே உத்தரவு வந்துவிட்டது.

"காலையில காப்பி குடிச்சதும் வாய்ப்பாடு. பதினாறு வரைக்கும் தண்ணிபட்ட பாடா வரணும். தப்பில்லாமச் சொல்லுத ஆளுதான் மாமா வீட்டுக்குப் போகும்."

மாமா வீடு புளியங்குடியில். எலுமிச்சைத் தோட்டம், அதில் பெரிய கிணறு. மாமா மகள்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு அதில் நீச்சல் பழகிவிட்டார்கள். போன வருஷம் நான் படியில் உட்கார்ந்து காலை நனைத்ததோடு சரி. இந்தத் தடவை குதித்தே தீருவது என்று எனக்கு வெறி. அதற்காகப் பதினாறென்ன, முப்பத்திரண்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டாலும் விழுங்கியிருப்பேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. கூழ்வத்தல் பிழிந்து காயப்போட்டால் காவலுக்கு ஆள் வேண்டும்.

"பிள்ளைகளப் பூராவும் நீங்க பிடிச்சு வச்சுக்கிட்டா காக்காய யாரு வெரட்டுவா? தாசில்தாரா?"

அப்பா யோசித்து, வாய்ப்பாட்டை மொட்டை மாடியில் போய்ச் சொல்லட்டும் என்று தீர்ப்பளித்தார்.

விரித்த வேட்டியில் வத்தல், ஓரத்தில் நாங்கள். நான் தொண்டை கிழியக் கத்தி, கையையும் வீசுவேன். "ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டு, ச்சூ!" காக்காய் கிட்டே வராது. தம்பிக்கு இரண்டாவது வரிக்கு மேல் ஏறவே ஏறாது. முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போவான்; காக்காய் அவன் காலடியிலேயே வந்து கொத்தும்.

சீக்கிரமே அம்மாவுக்குப் படிப்பின் அருமை புரிந்துவிட்டது. நான் மூச்சுவாங்க நிறுத்தினால் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"ஏட்டி, சத்தத்தக் காணோம்? படி, படி!"

அப்பாகூட அவ்வளவு சொன்னதில்லை. அடுத்த வீட்டு அத்தையும் தன் வடகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "பிள்ள நல்லாப் படிக்கா. இதுவும் அங்கனயே காயட்டும்."

மாமா கூட்டிப்போக வந்த அன்று அப்பா பரீட்சை வைத்தார். நான் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கூடத்தில் காக்காய் ஏது? கை கேட்டால்தானே! வரிக்கு வரி ஒரு வீச்சு, ஒரு ச்சூ. மாமா தலையை ஒதுக்கிக்கொண்டார்.

"என்னா போடு போடுதா அத்தான்!"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி இரண்டாவது வரியில் நின்று மாமாவின் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பாவாடையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள்.

"இவ எங்க போறா? இன்னும் முக்காவாசி அரிசி கூழாக் காய்ச்சணும். அடுத்த வீட்டுக்கு வேற வாக்குக் குடுத்தாச்சு. இவன வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? காக்காய்க்குப் பந்தி பரிமாறுவான். நீ இவனக் கூட்டிட்டுப் போலே."

"அக்கா, ஜெயிச்சது அவதான?"

"அதாம்ல சொல்லுதேன். படிக்கத் தெரிஞ்சவ இங்கன இருக்கட்டும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பைத் தேடினார்.

அநியாயம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன அந்தத் தடியன், தெருமுனையில் திரும்பி, மாடியில் நின்ற எனக்குக் கை காட்டினான். "ஒரு பதினாறு பதினாறு" என்று ஆரம்பித்தேன், அதோடு நிறுத்திவிட்டேன். ஒரு காக்காய் வந்து வத்தலுக்கு நடுவில் உட்கார்ந்தது. தின்னட்டும் என்று விட்டேன். இன்னும் இரண்டு வந்தன.

"சத்தத்தக் காணோம்!" என்றாள் அம்மா, கீழேயிருந்து.

அவ்வளவுதான். ஓவென்று வாய்விட்டு அழுதேன். காக்காய்கள் பதறிக்கொண்டு பறந்தன.

அம்மா மேலேறி வந்து என்னைப் பார்த்தாள், வத்தலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். ஒரு காக்காய்கூட இல்லை.

"சரிட்டி, அழு. கொஞ்சம் சத்தமாவே அழு" என்று சொல்லி, முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, கூழ் அடிபிடித்துவிடும் என்று கீழே ஓடினாள்.